சிவகாசி வழியாக அரிசோனா

கௌபாய் கதைக்குப் பெரிய செலவு கிடையாது. வறண்ட நிலம், ஒரு குதிரை, தொப்பி நிழலில் பாதி மறைந்த முகம், இடுப்பில் துப்பாக்கி. மீதியைப் பார்க்கிறவனே இட்டு நிரப்பிக்கொள்வான். ஒளிப்பதிவாளர் கர்ணன் ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'கங்கா', 'ஜக்கம்மா' என்று படம் எடுத்தது இந்தத் தைரியத்தில்தான். அவை வெளியான அதே 1972-ல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். தமிழில் வந்த நல்ல கௌபாய் படம் எது என்று யாராவது கேட்டால், நான் தியேட்டர் பக்கம் போக மாட்டேன். பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடையில் கிளிப் மாட்டித் தொங்கிய சாணித்தாள் புத்தகங்களைத்தான் காட்டுவேன்.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள் காலண்டர், டைரி என்று வளர்ந்த ஊர் சிவகாசி. காமிக்ஸுக்கு வேறு எங்கே போக வேண்டும்? சௌந்திரபாண்டியனின் மகன் விஜயன் 1984-ல் லயன் காமிக்ஸைக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே 'தலை வாங்கிக் குரங்கு' கதையில் இத்தாலிய காமிக்ஸின் கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் தமிழ் பேசினார்.

டெக்ஸும் சிக்கனத்தில் பிறந்தவர்தான். போர் முடிந்து காசில்லாமல் கிடந்த இத்தாலியில், 1948-ல், ஜியான் லூயிஜி பொனெல்லி எழுத, ஔரேலியோ கலெப்பினி வரைந்தார். பதிப்பகம் நம்பியிருந்தது 'ஒக்கியோ குப்போ' என்ற இன்னொரு தொடரை. கலெப்பினி பகலில் அதை வரைந்துவிட்டு, இரவில் டெக்ஸை வரைந்தார். நம்பிய தொடர் சீக்கிரமே நின்றுபோனது. ராத்திரி வேலை இன்றுவரை ஓடுகிறது.

ஓவியர்களில் என் ஓட்டு ஜியோவானி டிச்சிக்கு. 1968-லேயே டெக்ஸ் வரையத் தொடங்கியவர். குதிரைக் குளம்படியில் கிளம்பும் புழுதிக்கு அவர் வரைவது நாலைந்து உடைந்த கோடுகள் மட்டும். மிச்சமெல்லாம் வெறும் தாள். பாறையின் ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பு, மறு பக்கம் முழுக்க வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்தாலே கண் கூசும், உச்சிவெயில் தெரியும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவனுக்கு இது புதிய நிலமே இல்லை. கௌபாய் நாட்டின் மெஸ்கீட் முள்மரமும் நம் ரோட்டோரச் சீமைக்கருவேலமும் ஒரே பேரினம். நம்முடையதும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான்.

கதை என்று எடுத்தால் 'கார்சனின் கடந்த காலம்'. மௌரோ போசெல்லி எழுதி, கார்லோ மார்செல்லோ வரைந்தது. எப்போதும் டெக்ஸுக்குப் பக்கத்தில் புலம்பிக்கொண்டே சவாரி செய்யும் நரைத்தாடிக் கிழவர் கிட் கார்சன், இதில் வாலிபனாக வருகிறார். கூடப் பழகிய நண்பன் கொள்ளைக் கும்பலில் சேர்ந்துவிடுகிறான். கும்பலுக்கு 'இன்னசென்ட்ஸ்' என்று பெயர், அதாவது அப்பாவிகள்! இது கற்பனைப் பெயர் அல்ல. மொன்டானாவில் அப்படி ஒரு கூட்டம் இருந்ததாகவும், பன்னாக் ஊர் ஷெரிஃப் ஹென்றி பிளம்மர்தான் தலைவன் என்றும் சொல்லி, ஊர்க்காரர்களே 1864 ஜனவரியில் அவரைத் தூக்கில் போட்டார்கள். அவர் உண்மையில் குற்றவாளிதானா என்ற சண்டை இன்னும் தீரவில்லை. சட்டம் எது, கொள்ளை எது என்று பிரிக்க முடியாத இந்தக் கலங்கலைத்தான் போசெல்லி பிடித்துக்கொண்டார். கிழவரின் புலம்பலுக்குக் காரணம் தெரிந்த பிறகு அவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வராது.

இயக்குநர் சிம்புதேவன் 2010-ல் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' எடுத்தபோது இந்த காமிக்ஸ் கௌபாய் உலகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஆனால் கிண்டலாக. கிண்டல் நன்றாகவே இருந்தது, புழுதியைத்தான் காணோம்.

இப்போது டெக்ஸ் வழவழ தாளில், முழு வண்ணத்திலும் வருகிறார். தமிழில் வரும் இன்னொரு கௌபாய் நாயகன் கேப்டன் டைகருக்கு வண்ணம் அழகு. பிரெஞ்சு மூலமே அப்படித்தான். டெக்ஸுக்கு அது பட்டுச்சட்டை. டிச்சி வெயிலுக்கென்று விட்டுவைத்த வெள்ளையில் யாரோ மஞ்சளை ஊற்றிவிடுகிறார்கள். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பழைய புத்தகக் கடைகளில் தேடி, கறுப்பு-வெள்ளை டெக்ஸ் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். வண்ணப் பதிப்பை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.