காட்டிக்கொடுக்கும் வேடம்: ‘இன் நாமினே’ ஆட்டநூலில் வானதூதரிடையே ஊடுருவும் அலகைகள்

முன்னுரை

மேசையைச் சுற்றி அமர்ந்த சிலர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, நடத்துநர் ஒருவர் விரிக்கும் சூழலுக்குள் பேச்சினாலும் பகடையினாலும் ஒரு கதையைக் கட்டியெழுப்புவது பாத்திரமேற்பு ஆட்டம் எனப்படும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகைமைக்கு அச்சு வடிவம் தந்தது. இதற்கு மேடையில்லை, பார்வையாளர் இல்லை, முன்கூட்டி எழுதப்பட்ட உரையாடலும் இல்லை. அச்சில் இருப்பது விதிநூல் மட்டுமே. கூத்தின் அடவு, ஒப்பனை, பாடம் ஆகியவற்றை நுணுகி ஆராயும் நிகழ்த்துகலை ஆய்வுகள் இவ்விதிநூல்களைப் பனுவல்களாகக் கொள்வது அரிது. விதி என்பது கதைக்குப் புறம்பானது என்னும் எண்ணமே அதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் எல்லா நூல்களுக்கும் பொருந்துவதில்லை.

அலகைகளின் குழுவொன்று வானதூதரிடையே ஊடுருவி, அவர்களது நம்பிக்கையைப் பெற்று, பின் அவர்களைக் காட்டிக்கொடுப்பது இவ்வாட்டங்களில் விரும்பி ஆடப்படும் கதைக்கருக்களுள் ஒன்று. மேலோட்டமான பார்வையில் இஃது ஒற்றர் கதை. பிடிபடுவார்களா, மாட்டார்களா என்பதே அதன் விறுவிறுப்பு. ஆனால் 1997இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட ‘இன் நாமினே’ என்னும் நூலின் விதிகளை நெருங்கி வாசித்தால், ஊடுருவும் அலகைக்கு நேரக்கூடிய பேரிடர் பிடிபடுவதன்று, மாறிப்போவது என்பது புலப்படும். அந்த இடரைக் குழுவாக ஆடும் மரபு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொல் பற்றிய ஒரு தெளிவு

இந்நூலின் இரு தரப்பாரையும் தமிழில் எவ்வாறு குறிப்பது என்பது வெறும் மொழிபெயர்ப்புச் சிக்கலன்று. ‘தேவர் – அசுரர்’ என்னும் இணை உடனே நினைவுக்கு வரும். அமுதம் பகிரப்பட்ட பந்தியில் தேவ வடிவில் அமர்ந்த சுவர்பானுவைச் சூரியனும் சந்திரனும் காட்டிக்கொடுத்த கதையும் கூடவே வரும். ஆயினும் அவ்விணை இங்குப் பொருந்தாது. தேவரும் அசுரரும் காசியபரின் மக்கள். ஒரே தந்தையின் பங்காளிகள். சுவர்பானு விரும்பியது பங்கு; காட்டிக்கொடுப்பது அவனது நோக்கமன்று. அப்பந்தியில் அமுதம் பரிமாறிய மோகினியும் வேடம் பூண்டவளே என்பதை நினைத்தால், வேடம் அங்கு ஒரு தரப்பின் குற்றமாகவே இல்லை.

கிறித்தவ மரபின் வீழ்ந்த தூதர் வேறு வகையினர். அவர்கள் ஒருகாலத்தில் தூதராகவே இருந்தவர்கள். ஆகவே அவர்கள் பூணும் வேடம் தாம் இழந்த உருவம். தமிழ்க் கத்தோலிக்க மரபில் ‘சம்மனசு – பசாசு’ என்றும் பின்னர் ‘வானதூதர் – அலகை’ என்றும், சீர்திருத்தச் சபை மரபில் ‘தேவதூதன் – பிசாசு’ என்றும் சொற்கள் வழங்குகின்றன. குறளிலேயே இடம்பெறும் பழஞ்சொல் என்பதாலும், ‘பேய்’ என்னும் சொல் தரும் இறந்தோர் ஆவி என்ற பொருள் இதில் அழுத்தம் பெறாமையாலும் ‘அலகை’ இங்குக் கொள்ளப்படுகிறது.

‘காட்டிக்கொடுத்தல்’ என்னும் வினையும் கருதத்தக்கது. யூதாசுக்குத் தமிழ் விவிலியங்கள் வழங்கும் வினை இதுவே. ஒருவன் மறைத்ததை அவனது குரலோ முகமோ வெளிப்படுத்திவிடும்போதும் ‘குரல் காட்டிக்கொடுத்துவிட்டது’ என்றே சொல்கிறோம். பிறரைக் காட்டிக்கொடுக்க வந்தவனை அவனது இயல்பே காட்டிக்கொடுக்கிறது என்னும் இரட்டை நிலை இந்நூலின் விதிகளுக்குள் பொதிந்துள்ளது.

உரியேலின் முன் நின்றவன்

இக்கதைக்கருவின் இலக்கிய முன்னோடியை மில்டனின் ‘பேரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தில் (1667) காணலாம். மூன்றாம் காண்டத்தில் சாத்தான் இளங்கேருபு ஒருவனின் உருவெடுத்துச் சூரியனில் காவல் நிற்கும் உரியேலிடம் வழி கேட்கிறான். புதிதாகப் படைக்கப்பட்ட மனிதனைக் கண்டு படைத்தவனைப் போற்ற வந்தவனாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறான். கூர்ந்த பார்வைக்குப் பெயர்பெற்ற உரியேல் ஏமாறுகிறான். பாசாங்கை இறைவனன்றி வேறெவரும் காண இயலாது என்று மில்டன் அவனுக்காக வாதாடுவது, கதைசொல்லிக்கு அவ்விடத்தில் நேர்ந்த சங்கடத்தை உணர்த்துகிறது.

நான்காம் காண்டத்தில் நிலைமை மாறுகிறது. நிபேட்டஸ் மலைமேல் தனித்து நிற்கும்போது சினமும் பொறாமையும் நம்பிக்கையிழப்பும் சாத்தானின் முகத்தை நிறம் மாற்றுகின்றன. தொலைவிலிருந்து அதைக் காணும் உரியேல் ஐயுற்று, காபிரியேலை எச்சரிக்க வருகிறான். பின்னர் ஏவாளின் செவியருகே தேரை போலக் குந்தியிருந்தவனை இத்தூரியேலின் ஈட்டிமுனை தொட, சொந்த உருவம் எழுகிறது.

அதற்கடுத்த உரையாடலே இங்கு முதன்மையானது. வேடம் கலைந்த பின்னும் இத்தூரியேலும் செபோனும் சாத்தானை அடையாளம் காணவில்லை. தன்னைத் தெரியாதா என்று அவன் செருக்குடன் வினவ, வானில் நின்ற காலத்து ஒளி அவனிடம் இப்போது இல்லை என்கிறான் செபோன். வேடத்தை நீக்கினால் மெய்யுருவம் முழுமையாக எஞ்சியிருக்கும் என்பதே ஒற்றனின் நம்பிக்கை. மில்டன் அந்த நம்பிக்கையைப் பறித்துவிடுகிறார்.

இரு பெயரும் ஒரு பெயரும்

‘இன் நாமினே’யின் மூலம் குரோக் என்னும் புனைபெயர் கொண்டவர் உருவாக்கி, 1989இல் பிரான்சில் சிரோஸ் வெளியிட்ட ஆட்டம். அதற்கு இரட்டைப் பெயர்: அலகைகளின் பக்கம் ‘சாத்தானின் பெயரால்’ என்றும், தூதரின் பக்கம் ‘பேருண்மை’ என்றும் பொருள்படும் இலத்தீன் தொடர்கள். அதன் தொனி எள்ளல். இரு தரப்பும் நகைப்புக்குரியவை. அதே 1989இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தின் மேம்பட்ட வடிவம் தன் இரண்டாம் பதிப்பில் அலகைப் பெயர்களைக் கைவிட்டது. பாத்திரமேற்பு ஆட்டம் பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அமெரிக்கச் சமயக் குழுக்கள் குற்றஞ்சாட்டிவந்த காலம் அது. ஒரு நாட்டில் சொல்லஞ்சிய பெயர் மறுநாட்டில் அட்டையில் அச்சேறியது.

அமெரிக்க வடிவம் எள்ளலைக் குறைத்து, இறையியல் ஆழத்தைத் தேடியது. தலைப்பும் சுருங்கியது. ‘பெயரால்’ என்பது மட்டும் நின்றது. யாருடைய பெயரால் என்பது விடுபட்டது. அவ்விடுபாடு திட்டமிட்டதோ இல்லையோ, ஊடுருவல் கதைக்கு அதைவிடப் பொருத்தமான தலைப்பு இருக்க முடியாது.

எதிரிணைகள்

இந்நூலில் உலகம் ஒரு பேரிசை. தூதருக்கும் அலகைகளுக்கும் அப்பேரிசையோடு உறவாடும் தனித்திறன் உண்டு. தத்தம் இயல்புக்கு மாறாக நடப்பவருக்கு ‘இசைமுரண்’ நேரும். அது மிகுந்தால் தூதர் வீழ்வர். தூதருள் ஏழு வகை, அலகைகளுள் ஏழு வகை. இவற்றுள் ஆறு இணைகள், வீழுமுன் இருந்தது எது, வீழ்ந்தபின் ஆனது எது என்னும் உறவில் அமைந்தவை. எஞ்சிய இருவருள் மலாகிம் ஒருபோதும் வீழ்ந்ததில்லை. லிலிம் ஒருபோதும் தூதராக இருந்ததில்லை.

இவ்விணைகளின் நுட்பம் ஊடுருவலின்போதுதான் வெளிப்படுகிறது. மெர்க்குரியன் என்னும் தூதர் மனிதருக்கு எதிராக வன்முறையில் இறங்கினால் இசைமுரண் நேரும். அவரது வீழ்ந்த வடிவமான இம்ப்யூடைட்டுக்கோ மனிதரைக் கொன்றால் இசைமுரண். முன்னவர் மனிதரை நேசிக்கிறார். பின்னவருக்கு மனிதர் உறிஞ்சிக் குடிக்கும் ஊற்று, கொன்றால் ஊற்று வற்றும். புறநடத்தையை மட்டும் காண்பவருக்கு இருவரும் மனிதரிடம் இனிமையாகப் பழகுபவர்களே. மெர்க்குரியனாக நடிக்கும் இம்ப்யூடைட் நாள்முழுதும் மிகக் குறைவாகவே நடிக்க வேண்டியிருக்கும். ஷெடிம் நிலை நேர்மாறானது. மனிதவுடலில் குடிபுகும் அவ்வலகை நாள்தோறும் அம்மனிதரைத் தீமைக்கு இழுத்தாக வேண்டும், இல்லையேல் இசைமுரண். தூதரிடையே ஒரு கிழமை தங்குவதுகூட அதற்குப் பெரும்பாடு. இயல்பே காட்டிக்கொடுக்கும் என்றது இதனால்தான்.

ஒற்றனாகச் செல்லத் தக்கவர் பொய்யில் தேர்ந்த பால்செராஃப் என்றே எவரும் எண்ணுவர். தன் பொய்யைப் பிறர்மேல் மெய்யாகச் சுமத்துவது அதன் திறன். அதைக் கேட்பவர் நம்பாது போனால் அதற்கே இசைமுரண். ஆனால் தூதரிடையே சேராபீன்கள் உள்ளனர். சொல்லின் மெய்ம்மையை உணர்வது அவர்களது திறன். இவ்விருவர் மோதலைச் சுற்றியே கதையை அமைப்பது எளிது, எதிர்பார்க்கத்தக்கதுங்கூட.

இதனினும் வலுவான புனைவு ஹபாலா. எலோகிம் என்னும் தூதரிலிருந்து வீழ்ந்த இவர்கள், தாம் இன்னும் வானதூதரே என்று நம்புகின்றனர். நரகில் இருந்துகொண்டு வலுவற்றோரைத் தண்டிப்பது இறைவன் தமக்கிட்ட பணி என்பது அவர்களது உறுதி. ‘நான் இறைவனின் தூதன்’ என்று ஹபாலா ஒருவர் சொன்னால், சொல்பவர் அறிந்தே பொய்யுரைக்கிறாரா என்பதை மட்டும் உணரும் அளவில் சேராபீனுக்கு அங்குப் பொய்யே அகப்படாது. சொல்லப்பட்ட பொருளின் உண்மைவரை ஊடுருவிக் காணும் உயர்ந்த அளவில்தான் உண்மை புலப்படும். அந்த அளவைத் தீர்மானிப்பது மூன்றாவது பகடை. மில்டன் இறைவனிடம் விட்டுவைத்த பார்வையை இவ்விதி பகடைக்குத் தருகிறது. அது மட்டுமன்று, மூன்று பகடைகளும் ஒன்று காட்டினால் இறைத்தலையீடு, ஆறு காட்டினால் நரகத்தலையீடு. 216 வீச்சில் ஒன்றாக வரும் அத்தருணத்தில் பகடை வேடத்தை மதிப்பதில்லை. உள்ளிருப்பது எது என்பதற்கேற்ப நன்மையோ தீமையோ விளைகிறது. இத்தூரியேலின் ஈட்டி மேசைமேல் உருள்கிறது எனலாம்.

குழு என்னும் சிக்கல்

நூலின் கலைச்சொற்களுள் ‘வேடம்’ என்பதும் ஒன்று. மண்ணுலகில் அலகையோ தூதரோ பேணும் மனித அடையாளம் அது. அதற்குப் படிநிலைகள் உண்டு. வேடத்துக்கு இயைந்த செயல் பேரிசையில் எழுப்பும் அதிர்வை வேடமே அடக்கிவிடும். இதன் பொருள் கூர்மையானது: வேடத்தை நன்கு வாழ்பவருக்கே மறைவு கிட்டும். மேலும், அலகை மீட்படையவும் இந்நூலில் வழியுண்டு. தலைமைத்தூதர் ஒருவரின் துணையோடு அது மீண்டும் வானதூதராகலாம். முயற்சி தோற்றால் அழிந்தே போகலாம். ஆகவே, தூதரைப்போல் நீண்டகாலம் நடந்துகொள்ள வேண்டிய ஊடுருவி, நரகிலுள்ள வேறெந்த அலகையைக் காட்டிலும் மீட்பின் வாயிலுக்கு அருகில் நிற்கிறது. நரகமும் இதை அறியும். அதன் உட்காவலைக் கையில் வைத்திருப்பவன் அஸ்மோதேயு. அவனுக்கு நூல் தரும் பட்டம் ‘விளையாட்டின் இளவரசன்’. தலைவனை விட்டுப் பிரிந்தோடும் அலகைகளை வேட்டையாடுவது அவனது ஆட்களின் பணி. வேடம் எவ்வளவு நேர்த்தியோ, அனுப்பியவரின் ஐயமும் அவ்வளவு வளரும்.

இங்குதான் ஆட்ட மரபு விதிநூலோடு மோதுகிறது. பாத்திரமேற்பு ஆட்டம் குழுவின் ஒற்றுமையைச் சொல்லாமலே வேண்டி நிற்கிறது. நான்கைந்து பேர் வாரந்தோறும் கூடுவது தொடர வேண்டுமானால், அவர்களது மாந்தர் ஒன்றாக இயங்க வேண்டும். ஆகவே காட்டிக்கொடுத்தல் எப்போதும் வெளியே நிற்கும் தூதரை நோக்கியே திருப்பப்படுகிறது. அத்தூதரோ நடத்துநரின் குரலில் பேசும் துணைமாந்தர். அவர்களுக்காக மேசையில் வருந்துவார் எவருமிலர். துரோகம் மலிவாகிப்போவதற்கு இதுவே காரணம். நம்பியவர் யார், எத்தனை நாள் நம்பினார் என்பது ஆடிக் காட்டப்படாமல், கதவு திறக்கும் கடைசிக் காட்சி மட்டும் ஆடப்படும்போது எஞ்சுவது வெற்றிக் களிப்பே. பிரெஞ்சு மூலத்தின் எள்ளல் அதைத் தாங்கும். அமெரிக்க வடிவம் தானே கோரிய ஆழத்துக்கு அது போதாது.

விதிகள் காட்டும் வழி வேறு. மில்டனின் ஐந்தாம் காண்டத்தில் சாத்தானின் படைநடுவே அப்தியேல் என்னும் ஒரே ஒருவன் எழுந்து மறுத்து வெளியேறுகிறான். காப்பியத்துக்கு அவன் உண்மையாளன். விட்டுவந்த படைக்கு அவன் கைவிட்டுப் போனவன். ஊடுருவும் குழுவில் ஓர் அலகை மீட்படைந்தால் நேர்வதும் இதுவே. பால்செராஃபாக வந்தது சேராபீன் ஆகிறது. ஆட்டக்காரரின் தாளில் வகைப்பெயர் அழிக்கப்பட்டு, எதிரிணையின் பெயர் எழுதப்படுகிறது. இனி அவர் பொய் சொன்னால் இசைமுரண். தோழர்கள் எவரென்று தூதர் வினவினால், மறைக்கப் பொய்யும் சொல்ல இயலாது. உண்மையைச் சொன்னால், நேற்றுவரை உடனிருந்தோரைக் காட்டிக்கொடுத்தவராவார். மேசையைச் சுற்றியுள்ள மற்ற நால்வருக்கும் இது தெரியும். அவர்கள் ஏற்ற நான்கு அலகைகளுக்குத் தெரியாது. நடத்துநர் அந்த வினாவை அன்றே எழுப்பலாம், அடுத்த வாரத்துக்கு ஒத்தியும் வைக்கலாம்.