துப்பறியும் கதையில் பாலும் விளிச்சொல்லும்: அம்பையின் சுதா குப்தா கதைகள்

1. முன்னுரை

தமிழில் துப்பறியும் புனைகதை பெருவாரியாகப் படிக்கப்பட்டபோதிலும் மொழியியல் நோக்கிலும் மொழிபெயர்ப்பு நோக்கிலும் அரிதாகவே ஆராயப்பட்டுள்ளது. மும்பையில் வாழும் அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' (காலச்சுவடு, 2014) அத்தகைய ஆய்வுக்குரிய நூலாகும். சுதா குப்தா என்னும் தனியார் துப்பறிவாளரை மையமாகக் கொண்ட மூன்று நீள்கதைகள் இதில் அடங்கியுள்ளன. கீதா சுப்பிரமணியனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் வெளிவந்தது. பெண்ணுரிமையும் பெண்களிடையிலான தோழமையும் இக்கதைகளின் உட்பொருள். பால் காட்டும் வினைமுற்றும் உறவு காட்டும் விளிச்சொல்லும் உடைய தமிழில் அவ்வுட்பொருள் எத்தகைய சிக்கல்களை எழுப்புகிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

2. வகைமை மரபு

தமிழ்த் துப்பறியும் கதையின் மையத்தில் நெடுங்காலம் ஆணே நின்றான். ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ், வசந்த் என்று இவ்வரிசை நீளும். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா இணையிலும் சுபாவின் நரேந்திரன், வைஜயந்தி இணையிலும் பெண் துப்பறியும் தொழிலுக்குள் வந்தாள். எனினும் அவளுடைய இடம் ஆணின் துணை என்பதாகவே பெரிதும் அமைந்தது. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் போன்றோர் நாவல் உலகில் பெரும் வாசகப் பரப்பைப் பெற்றிருந்தும் இவ்வமைப்பு மாறவில்லை.

அம்பை இவ்வமைப்பை இரு வகையில் மாற்றுகிறார். துப்பறிபவர் பெண், அவருடைய உதவியாளர் ஸ்டெல்லாவும் பெண். காவல்துறையைச் சேர்ந்த கோவிந்த் ஷெல்கே நண்பராக நின்று உதவுகிறார். குப்தா, ஸ்டெல்லா, ஷெல்கே என்னும் பெயர்களே மும்பையின் பன்மொழிச் சூழலைக் காட்டிவிடுகின்றன. நூலின் தலைப்பும் கருதத்தக்கது. கொலையையோ மர்மத்தையோ சுட்டாமல் 'சந்திப்பு' என்ற எளிய சொல்லில் அது முடிகிறது. ஆங்கிலப் பதிப்போ 'சுதா குப்தா துப்பறிகிறார்' எனப் பொருள்படும் துணைத் தலைப்பைச் சேர்த்து வகைமையை வெளிப்படையாக அறிவிக்கிறது.

3. ஐயமும் பாலும்

அத்துணைத் தலைப்பைத் தமிழில் எழுத முற்பட்டால் ஓர் இலக்கணச் சிக்கல் எழும். ஆங்கில வினை பாலையும் காட்டாது, மரியாதையையும் காட்டாது. தமிழிலோ 'துப்பறிகிறாள்', 'துப்பறிகிறார்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். முதலாவது அண்மையை உணர்த்தும். இரண்டாவது மதிப்பை உணர்த்தும். ஆண் துப்பறிவாளனுக்கு '-ஆன்' விகுதி பயின்றபோது அது அவமதிப்பாகக் கொள்ளப்படவில்லை. பெண் துப்பறிவாளருக்கு '-ஆள்' விகுதி வரும்போது மட்டும் உறுத்துமாயின், அவ்வுறுத்தலுக்குக் காரணம் இலக்கணத்தில் இல்லை. வாசகரின் சமூகப் பழக்கத்தில் உள்ளது.

குற்றவாளி யார் என்பதை மறைக்க வேண்டிய இடத்தில் சிக்கல் மேலும் கடுமையாகிறது. 'கொலையாளி' என்னும் பெயர் பால் காட்டாது. ஆனால் 'கொலையாளி வந்தான்' என்றவுடன் பாதி மர்மம் உடைந்துவிடும். வந்தவர் பெண்ணாயின் கதைசொல்லி உண்மையை மறைத்ததோடு பொய்யும் கூறியதாகும். இது துப்பறியும் கதையின் நேர்மை விதிக்கு முரணானது.

பாலில் ஐயம் தோன்றுமிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் விதி. தொலைவில் தோன்றும் உருவம் ஆணா பெண்ணா எனத் தெரியாத நிலையை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகத் தருவர். துப்பறியும் கதைக்குப் பெரிதும் பொருந்தும் விதி இது. ஆயினும் பலர்பால் விகுதி இன்று உயர்வுப் பொருளில் நிலைபெற்றுவிட்டதால் 'கொலையாளி வந்தார்' என்பது குற்றவாளிக்கு மரியாதை தருவதாகிறது. எனவேதான் வெகுசன நாவல்கள் 'ஓர் உருவம் நகர்ந்தது' என்று அஃறிணையிலும், 'கொன்றது யார்?' என்று தொழிற்பெயரிலும் புகலிடம் தேடின. மொழிபெயர்ப்பாளர் கையாளத்தக்க வழிகளும் இவையே.

4. விளிச்சொற்கள்

தோழமை பெரும்பாலும் விளியில் வெளிப்படுகிறது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதல் நவி மும்பையின் கோபர்கைரனே வரை தமிழ்ப் பெண்கள் பிறமொழிப் பெண்களோடு அன்றாடம் உறவாடுகின்றனர். மராத்தியில் அக்காளைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் 'தாயி' என எழுதினால் தாயை விளிப்பதாகத் தோன்றும். உடன்பிறப்புச் சமநிலை மறைந்து தலைமுறை இடைவெளி புகுந்துவிடும். பெண்ணையும் வீட்டு வேலை செய்பவரையும் குறிக்கும் மராத்திச் சொல்லும், சகோதரனைக் குறிக்கும் இந்திச் சொல்லும் தமிழ் எழுத்தில் 'பாய்' என ஒன்றாகிவிடக் கூடும். பெண்ணை விளித்த சொல் ஆணை விளித்ததாக மாறும் நிலை இது. யார் யாரை அழைத்தார் என்பதே தடயமாகும் கதையில் இம்மயக்கம் சிறு பிழையன்று.

ஊர்ப்பெயரே இதற்கு மற்றொரு சான்று. மராத்தியில் மூச்சொலியுடைய ககரமும் டண்ணகரமும் கொண்ட பெயர் 'கோபர்கைரனே' எனத் தமிழில் எழுதப்படுகிறது. மூச்சொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. ஆதலின் அவ்விழப்பு தவிர்க்க இயலாதது. டண்ணகரத்துக்கு எழுத்து உண்டு. அவ்விழப்பு எழுதுவோரின் கவனக்குறைவால் நேர்ந்தது. இவ்விரு வகை இழப்புகளையும் பிரித்தறிவதே மொழிபெயர்ப்புத் திறனாய்வின் முதற்பணி எனலாம்.

5. மதிப்பீடு

சி. எஸ். லக்ஷ்மி என்னும் தம் இயற்பெயரில் ஆய்வாளராக விளங்கும் அம்பை, பெண்கள் பற்றிய ஆவணங்களைத் திரட்டும் ஸ்பாரோ அமைப்பை 1988இல் மும்பையில் நிறுவியவர்களுள் ஒருவர். பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வதற்கு வேண்டிய பொறுமையும் துப்பறிவதற்கு வேண்டிய பொறுமையும் ஒரே தன்மையன. கேள்வி குறைவாகவும் கேட்டல் மிகுதியாகவும் இருக்கவேண்டும். இவ்வகையில் சுதா குப்தாவை ஆய்வாளரின் புனைவுருவாகக் காண இடமுண்டு.

மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்கு எதிராக 1980இல் பம்பாயில் பெண்கள் அமைப்பாகத் திரண்டனர். காவல் நிலையத்தில் நிகழ்ந்த குற்றமே அவ்வழக்கின் பொருள். 1983இல் பாலியல் வன்முறை பற்றிய சட்டம் திருத்தப்பட்டமைக்கு அவ்வெழுச்சியும் ஒரு காரணம். அவ்வரலாற்றை நினைவிற்கொண்டு நோக்கினால் இக்கதைகளின் ஒரு குறையும் புலனாகும். சுதா குப்தாவுக்குக் காவல்துறையில் நண்பர் இருக்கிறார். புகாருடன் தனியே காவல் நிலையப் படியேறும் பெண்ணுக்கு அவ்வாய்ப்பு இல்லை. உரிமையாகக் கிடைக்கவேண்டியது நட்பின் வழியாகக் கிடைக்கிறது. கதை தடையின்றி நகர்வதற்கு இது உதவுகிறது. உரிமை பற்றிய வினாவையோ சற்று மழுங்கச் செய்கிறது.

6. முடிவுரை

சுதா குப்தா கதைகள் துப்பறியும் வகைமையில் பெண்ணை மையத்திற்குக் கொணர்ந்தமை இலக்கிய வரலாற்றுச் சிறப்புடையது. மொழிபெயர்ப்பாளருக்கு இக்கதைகள் விடுக்கும் அறைகூவலும் அதே அளவு முதன்மையானது. பால் விகுதியை எங்கே வெளிப்படுத்துவது, எங்கே ஒளிப்பது, பெண்ணைப் பெண் அழைக்கும் சொல்லை எவ்வாறு காப்பது என்னும் முடிவுகளைக் கதைப்போக்கு முழுவதையும் கருதியே எடுத்தல் வேண்டும். மொழியின் எல்லையால் நேரும் இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பழக்கத்தின் சோம்பலால் நேரும் இழப்பைப் பொறுத்துக்கொள்ளல் தகாது.