பசூட்டோ குதிரை: உயரம் அல்ல அளவுகோல்

தென்னாப்பிரிக்காவின் நடுவே, நான்கு பக்கமும் அந்நாட்டால் சூழப்பட்ட மலைநாடு லெசோத்தோ. அதன் பசூட்டோ மட்டக்குதிரையைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. கலப்பே இல்லாத மலைக்குதிரை என்பது ஒன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து வந்து சீரழிந்துபோன பழைய குதிரை, வெளிநாட்டுப் பொலிகுதிரை வந்தால்தான் தேறும் என்பது மற்றொன்று. சான்றுகளை எடை போட்டால் இரண்டுமே நிற்கவில்லை.

தூய இனம் என்ற பேச்சை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 1653இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாவாவிலிருந்து குதிரைகளைக் கேப் முனைக்குக் கொண்டுவந்தது. பிறகு அரபு, பாரசீக, ஆங்கிலப் பந்தயக் குதிரைகளின் இரத்தமும் அவற்றில் கலந்தது. அந்தக் கலப்புக் குதிரைதான் 1830ஐ ஒட்டி பசூட்டோ மன்னர் மோஷோஷோவின் மக்களிடம் வந்து சேர்ந்தது. சில கவர்ந்தவை, சில வாங்கியவை, சில வெள்ளையர் பண்ணைகளில் உழைத்துக் கூலியாகப் பெற்றவை. 1852இல் பெரேயா பீடபூமியில் பிரிட்டிஷ் படையை எதிர்கொண்டபோது மோஷோஷோவிடம் ஆயிரக்கணக்கான குதிரைவீரர்கள் இருந்தார்கள். அந்தப் படை வெற்றி காணாமலே திரும்பிற்று.

வம்சத்தைவிட மலைதான் இந்தக் குதிரையை உருவாக்கியது. நாடு முழுவதுமே 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. குளிர்காலத்தில் மேட்டு நிலங்களில் பனி கொட்டுகிறது. பெரும்பாலும் கொட்டகை கிடையாது, தானியத் தீனி கிடையாது. சரிவில் மேய்ந்து உயிர் தாங்காதது மடிந்தது. தாங்கியது குட்டி போட்டது. சரளைக்கல் சரிவில் அது இறங்குவதைக் கவனித்தால் உடல் சிறுத்ததன் பயன் விளங்கும். தலையைத் தாழ்த்தி, கல் அசைகிறதா என்று பார்த்து, அதன் பிறகே பாரத்தை அந்தக் குளம்பின் மேல் இறக்கும். சமநிலத்தில் அதன் தனி நடை ஒன்று உண்டு: நான்கு கால்களும் தனித்தனியே ஊன்ற, முதுகு குலுங்காமல் விரைந்து போகும். கம்பளி போர்த்தி நாள்முழுக்கச் சேணத்தில் இருப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்படியானால் பின்னர் இதன் தரம் வீழ்ந்தது ஏன்? இங்கேதான் 'சீரழிவு' என்போர் காரணத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனும் போயர்களும் மோதிய 1899–1902 போரில் பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டன. கப்பலில் வந்தவற்றுக்கு இளைப்பாறவும் அவகாசம் தரவில்லை, போதிய தீனியும் இல்லை. புல்வெளியில் மேய்ந்தே உழைக்கக்கூடிய பசூட்டோ குதிரைகளை அப்போது படை தேடித் தேடி வாங்கியது. நல்லவை விலைபோயின, எஞ்சியவற்றிலிருந்து அடுத்த தலைமுறை பிறந்தது. குதிரையின் பலவீனமா காரணம்? அதன் பலமே அதற்கு எமனாயிற்று.

பின்னாளில் இனத்தை மேம்படுத்த அயர்லாந்தின் உதவியோடு அந்நாட்டின் கானமாரா இனப் பொலிகுதிரைகள் வந்தன. நோக்கம் நல்லது, கானமாராவும் கடினமான நிலத்தில் வாழப் பழகியதுதான். ஆனாலும் கலப்பால் உடல் பெருத்தால் தீனியும் கூடும். அந்தத் தீனி மலைக்கிராமத்தில் எங்கே இருக்கிறது? ஆகவே என் முடிவு: தூய இனம் என்ற பட்டம் இதற்குப் பொருந்தாது, முதல்தர மலைக்குதிரை என்ற பெயர் முழுக்கப் பொருந்தும். இதைக் காக்க நினைப்பவர்கள் உயரத்தை அளப்பதை விட்டுவிட்டு, குளம்பையும் நடையையும் குளிர்தாங்கும் திறனையும் பார்த்து உள்ளூர்ப் பொலிகுதிரைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றில் சிறந்தவற்றை எந்த விலைக்கும் வெளியே விற்கக் கூடாது.