லூயி ஹாகின் கல்லச்சோவியங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லச்சோவியரைப் படியெடுப்போர் என்றே பலரும் கொள்வர். மூலத்தை வரைந்தவர்க்குப் புகழ் சேரும். கல்லில் தீட்டியவர் பெயர் படத்தின் அடியில் சிற்றெழுத்தில் அடங்கும். இம்மதிப்பீடு எல்லார்க்கும் பொருந்தாது என்பதற்கு லூயி ஹாக் தக்க சான்றாவார்.

இன்று பெல்ஜியத்திலுள்ள தூர்னே நகரில் 1806இல் பிறந்தவர் இவர். வலக்கை பிறவியிலேயே ஊனமுற்றமையின் இடக்கையே இவர்க்குத் தொழிற்கை ஆயிற்று. 1823இல் இலண்டன் சேர்ந்து, பின்னர் வில்லியம் டே என்பாரோடு கூடி நடத்திய அச்சகம் விக்டோரியா அரசியாரின் கல்லச்சகம் என்னும் சிறப்பை எய்திற்று.

இத்தொழிலில் உளிக்கு இடமில்லை. பவேரியச் சுண்ணக்கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் வரைவர். கல்லை நனைத்து மை உருட்டின், ஈரம் பற்றிய வெற்றிடம் மையை விலக்கும், வரைந்த கோடு மட்டும் அதனை ஏற்கும். இடவல மாற்றமாக வரைந்தால்தான் தாளில் நேர்படும். கல்லில் எழுத்து அழியாது என்பது நம்மவர் வழக்கு. இக்கல்லோ வேலை முடிந்ததும் தேய்க்கப்பட்டு அடுத்த படத்திற்கு இடங்கொடுக்கும்!

டேவிட் ராபர்ட்ஸ் 1838-39இல் எகிப்திலும் பாலத்தீனத்திலும் வரைந்து கொணர்ந்தவற்றை, 1842 முதல் 1849 வரை ஏறத்தாழ 250 படங்களாகக் கல்லேற்றியவர் ஹாக். நீர்வண்ணத்தில் நிறத்தால் புலப்படுவதைக் கல்லச்சில் கோலின் அழுத்தத்தாலும் மென்மையாலும் புலப்படுத்தல் வேண்டும். ஆண்டு எதனை வன்மையாக்குவது, எதனை மெலிதாக விடுவது என்னும் தெரிவு ஹாகினுடையதே. இதனைப் படியெடுத்தல் என்பது, பரிமேலழகர் குறளைப் படியெடுத்தார் என்பதனோடு ஒக்கும். எனினும் ஒரு குறை கூறாமல் இருத்தற்கில்லை. கருங்கோட்டின்மேல் மற்றொரு கல்லால் இளநிறம் ஏற்றும் முறையினால், பெட்ராவின் பாறைக்கும் எருசலேமின் மதிலுக்கும் பல படங்களில் ஒரே ஒளி அமைந்துவிடுகின்றது. முறை தந்த எளிமை அவரைச் சிலவிடத்து ஆண்டுவிட்டது என்றே கருதுகின்றேன்.

ராபர்ட்ஸ் பங்கு யாது, ஹாக் பங்கு யாது எனப் பிரித்தறிய ஒரு வழியுண்டு. பெல்ஜிய, செருமானிய நகரங்களைப் பற்றி 1840 முதல் வெளிவந்த தொகுதிகளில் வரைந்தவரும் கல்லேற்றியவரும் ஹாகே. கோயில்களின் உள்ளிடங்களிலும் நகர மன்றங்களிலும் பழங்கால உடையணிந்த மாந்தரை அவர் நிரப்புகின்றார். கட்டடம் நாடக அரங்காகின்றது. நிழல் ஆழ்ந்து செல்கின்றது. எகிப்தியக் கோயில்களின் உட்புறப் படங்களிலும் அவ்வாழ்ந்த நிழலைக் காணுமிடத்து, அது ஹாகின் கை என ஐயுறலாம். மூல ஓவியத்தோடு ஒப்பிட்ட பின்னரே துணிதல் தகும்.

1852இல் அச்சகத்தை விட்டு நீங்கிய ஹாக் நீர்வண்ண ஓவியராகவே வாழ்ந்து, அத்துறைக் கழகம் ஒன்றற்கு 1873 முதல் தலைமை தாங்கி, 1885இல் மறைந்தார். ஆய்வாளர்க்கு ஒன்று கூறல் வேண்டும். ராபர்ட்ஸ் தொகுதியின் உயர்விலைப் படிகளுக்கு அச்சிட்டபின் கையால் வண்ணம் இட்டனர். கண்ணைக் கவர்வன அவையே. ஆயினும் ஹாகின் கோலை அறிய விழைவோர் அவ்வண்ணம் இடாத படிகளையே நாடுக.