தோற்காத சாமி

ஹங்கேரியக் கிராமக் கதைகளில் வரும் தால்தோஷ் என்ற மந்திரவாதி தோற்கக்கூடியவர். பல்லோடு பிறந்த குழந்தையும் ஆறு விரலோடு பிறந்த குழந்தையும் தால்தோஷ் ஆகும் என்பது அங்குள்ள நம்பிக்கை. வளர்ந்தபின் அவர் வீடு வீடாகப் போய்ப் பால் கேட்பார். இல்லையென்று கையை விரித்தால் புயலை ஏவிவிடுவார். காளையாக உருமாறி இன்னொரு தால்தோஷோடு மோதுவார். சில கதைகளில் மாடு மேய்ப்பவனிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உண்டு: 'நான் வெள்ளைக் காளையாக வருவேன், நீ கறுப்பனின் காலைப் பார்த்து அடி.' தோற்ற பக்கத்தில் ஆலங்கட்டி மழை. யார் ஜெயித்தது என்பதை மறுநாள் வயலைப் பார்த்து ஊரே தெரிந்துகொள்ளும்.

இவர்கள் சைபீரிய ஷாமன்களின் எச்சம் என்று வில்மோஷ் தியோசெகி 1958இல் ஒரு பெரிய நூலே எழுதினார். அப்படி நேர்கோடு போட முடியாது என்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். உருமாறும் பூசாரியைத் தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட மலாய் மாந்திரிகம் பற்றிய நூலில் ஒரு பாவாங், அதாவது மலாய் மந்திரவாதி, வருகிறார். புலி ஆவி இறங்கியதும் உறுமுகிறார். பெண்புலி குட்டியை நக்குவதுபோல நோயாளியின் உடம்பை நக்குகிறார்.

சிங்கப்பூரின் மார்சிலிங்கில் மாறுவது உருவமல்ல, குரல். வீவக அடுக்குமாடி ஒன்றில் செவ்வாய்க்கிழமை இரவு. கூடத்து சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கறுப்பர் படத்துக்கு முன் எலுமிச்சம்பழம், சுருட்டு, சாட்டை. உடுக்கைப் பாட்டு கைத்தொலைபேசியிலிருந்து வருகிறது, அதுவும் அண்டை வீட்டார் புகார் செய்யாத அளவுக்கு. பகலில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மனிதருக்கு உடம்பு குலுங்குகிறது. 'அருள் வந்துருச்சு' என்கிறார் பக்கத்தில் நிற்பவர். அதுவரை 'அண்ணே' என்று அழைத்த பெண் 'அய்யா' என்கிறாள். மகனுக்குத் தேசிய சேவை முடிந்தும் வேலை அமையவில்லை. 'வீட்டுக்குள்ள வந்த ஒருத்தி காலு சரியில்ல மகளே' என்று வாக்கு வருகிறது. யார் என்று பெயர் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் மருமகள் ஒருத்திதான்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. ஆனால் அந்தக் கூடத்தில் நடப்பதில் பாதி வேறெங்கும் நடப்பதில்லை. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் சில நிமிடம் பேசுவார். சமூகசேவை அலுவலகத்தில் படிவம் நிரப்ப வேண்டும். கறுப்பர் அவசரப்படுவதில்லை. மாமியாரிடமும் கணவனிடமும் வாய் திறக்காத பெண் அவர் முன்னால் குமுறி அழுகிறாள். அழுவது இங்கே வழிபாட்டில் சேர்ந்தது, யாரும் தடுக்க மாட்டார்கள். சாமியாடியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பகலெல்லாம் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கும் மனிதர் அரைமணி நேரம் தெய்வமாக நிற்கிறார். மேற்பார்வையாளரே வந்தாலும் காலைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். முனீஸ்வரன், மதுரை வீரன், கறுப்பர் என்று தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் தொழிலாளர்களோடு வந்த காவல் தெய்வங்கள், ஆகமக் கோயில்கள் பெருகிய பின்னும் உயிரோடு இருப்பதற்கு இது ஒரு காரணம். சிங்கப்பூரில் முனீஸ்வரன் வழிபாடு பற்றி வினிதா சின்ஹா 2005இல் தனி நூலே எழுதும் அளவுக்கு அது தழைத்திருந்தது.

ஆனால் அருள் வேறு, வாக்கு வேறு. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியிலும் அருள் உண்டு. விரதம் இருந்து, சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து நடந்து வந்து, குழி இறங்குகிறவர் தன் உடம்பைப் பணயம் வைக்கிறார். பாதம் பொசுங்கினால் அவருடைய பாதம். அவர் யாரையும் கைகாட்டுவதில்லை. மார்சிலிங் கூடத்தில் பேசுகிறவர் பணயம் வைப்பது ஏதுமில்லை. வாக்குக்கு விலை கொடுப்பவள் அங்கே இல்லாத மருமகள்.

'நான் சொல்லலே, சாமி சொல்லுச்சு' என்ற ஒரு வாக்கியத்தில்தான் இந்த வழக்கத்தின் பலம் இருக்கிறது, பழுதும் அதிலேயே இருக்கிறது. தன் வாயால் சொல்லத் துணியாததை எளியவர் சொல்ல முடிவது அதனால்தான். சொன்னது பொய்த்தால் யாரும் பொறுப்பேற்க வேண்டாததும் அதனால்தான். வேலை கிடைத்தால் கறுப்பர் கொடுத்தது. கிடைக்காவிட்டால் பரிகாரத்தில் குறை, வீட்டில் தீட்டு, பக்தியில் ஓட்டை. தால்தோஷின் வயலைப் போல இங்கே காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தமிழ்நாட்டு ஊர்களில் இது இவ்வளவு கட்டவிழ்ந்து கிடக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் இன்ன குடும்பத்துக்கே சாமியாடும் உரிமை என்று முறை உண்டு. பங்காளிகள் சுற்றி நிற்பார்கள். பூவையோ பழத்தையோ ஒளித்துவைத்து, எங்கே இருக்கிறது சொல் என்று சாமியையே சோதிக்கும் இடங்கள் உண்டு. தடுமாறினால், 'இது சாமி இல்லேப்பா' என்று ஒரு கிழவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கப்பலேறிய தெய்வத்தோடு அந்தக் கிழவர் வரவில்லை. இங்கே குறி கேட்க வருபவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர். தெம்பனிஸிலிருந்து ஒருவர், ஈசூனிலிருந்து ஒருவர். போன மாதம் சொன்ன வாக்கு பலித்ததா என்று கேட்க அங்கே சபை ஏதும் இல்லை.

கேட்பது நம் மரபுக்குப் புதிதுமல்ல. சங்கப் பாடல்களில் மகள் மெலிந்தால் தாய் வேலனை அழைத்து வெறியாட வைக்கிறாள். முருகு அணங்கியது என்று அவனும் சொல்கிறான். காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணை 34ஆம் பாட்டில் அவள் வேலனைக்கூட விட்டுவிடுகிறாள்; இந்த நோய் உன்னால் வந்ததல்ல என்று அறிந்தும் வேலன் அழைத்ததும் வந்து நிற்கிறாயே, கடவுளே ஆனாலும் நீ அறியாதவன் என்று முருகனையே சாடுகிறாள். தெய்வத்தை நம்பிக்கொண்டே அதன் பெயரால் வந்த நோய்க்கணிப்பை மறுக்கும் துணிச்சல் அது. பகுத்தறிவு மேடைகளில்கூட இவ்வளவு கூர்மையை நான் அதிகம் கேட்டதில்லை.

1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு'ம் சடங்குகளை விடாமல் சாடின. தெருவில் தெரிகிற அலகும் தீயும் எளிதில் கண்டனத்துக்கு ஆளாகும். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே கெடுதல் குறைந்தவை அவைதான். நாலு சுவருக்குள் பேசும் குரல்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரைத் தாயத்தோடு வீட்டில் உட்கார வைக்கிறது. தடை போட்டால் தீராது. மார்சிலிங்கிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டினால் ஜொகூர்.

சாமியாடட்டும். வாக்கும் சொல்லட்டும். ஆனால் யார் மேல் குற்றம் விழுகிறதோ அவரையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். மறுகேள்வி கேட்க அவருக்கும் முறை கொடுக்க வேண்டும். மருமகள் எதிரே உட்கார்ந்து, 'என்னையா சொல்றீங்க அய்யா?' என்று கேட்கும்போது கறுப்பர் அதே வாக்கைச் சொல்கிறாரா என்று பார்ப்போம்.