மேசியா எதிர்பார்ப்பும் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியமும்

யூதர்கள் வாளேந்திய அரசனை எதிர்பார்த்தார்கள், வந்தவரோ ஆத்ம ரக்ஷகராக இருந்தபடியால் அவரை அறியாமற் போனார்கள் என்று ஈராயிரம் ஆண்டு விவகாரத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடும் வழக்கம், பிரசங்க மேடையிலிருந்து இலக்கிய விமரிசனத்துக்குள்ளும் புகுந்து ஸ்திரப்பட்டுவிட்டது. இந்த அபிப்பிராயம் சரித்திரத்துக்கும் பொருந்தாது. தமிழ்க் கிறிஸ்தவப் புலவர்களுள் மிக நுட்பமான ஒருவரை நாம் அறிந்துகொள்ளவும் இடங்கொடாது.

பழைய இஸ்ரவேலில் அரசனும் ஆசாரியனும் அபிஷேகம் பெற்றவர்களே, அதாவது 'மேசியா' என்னும் சொல்லுக்கு உரியவர்களே. ஏசாயாவின் நூல் பாரசீக அரசன் கோரேசையும் அப்படியே அழைக்கிறது. கி.மு. 63இல் ரோமத் தளபதி பாம்பேயின் சேனை எருசலேமைப் பிடித்த துயரத்திலிருந்து பிறந்த 'சாலொமோனின் சங்கீதங்கள்', அந்நியரை ஓட்டி நகரத்தைச் சுத்திகரிக்கும் தாவீதின் குமாரனுக்காக மன்றாடுகின்றன. 1947 முதல் சாக்கடலோரத்துக் கும்ரான் குகைகளில் அகப்பட்ட சுருள்களிலோ, ஆரோன் வழியில் ஒருவரும் இஸ்ரவேல் வழியில் ஒருவருமாக இரு மேசியாக்கள் வருவர் என்ற நம்பிக்கை காணப்படுகிறது. எங்கள் பவானி ஜமக்காளத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக, தொட்டும் கலவாமலும் ஓடுவது போல, இவையெல்லாம் ஒரே ஜனத்துக்குள் அருகருகே வாழ்ந்தன. கி.பி. 132இல் ரோமருக்கு எதிராக எழுந்த பார் கொக்பாவை மேசியா என்று ரப்பி அக்கீபா கொண்டாடியபோது, அவரை மறுத்துரைத்தவரும் ஒரு ரப்பியே.

கிறிஸ்தவமோ இவ்வெதிர்பார்ப்புகளுள் பலவற்றைச் சிலுவையில் மரித்து உயிர்த்த ஒருவரிடத்தில் சேர்த்து, நிறைவேறாது நின்றவற்றை இரண்டாம் வருகைக்கு உரியவையாக்கியது. யுத்தம் ஒழியவில்லையே, தேசங்கள் சமாதானம் அடையவில்லையே என்று யூதர் எழுப்பிய ஆட்சேபத்தை அறியாமை என்று தள்ளுவது நியாயமன்று. அது தீர்க்கதரிசிகளின் வாக்கைச் சொல்லுக்குச் சொல் நம்பியவர்களின் ஆட்சேபம்.

தமிழுக்கு வருவோம். கொங்கு நாட்டில் சத்தியமங்கலத்திலும் கருமத்தம்பட்டியிலும் 17ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையார் ஊன்றிய சமயத்துக்கு, வீரமாமுனிவர் 1726இல் 'தேம்பாவணி' என்னும் மகாகாவியத்தைத் தந்தார். தாவீதின் குலத்தவரும் இயேசுவின் வளர்ப்புத் தந்தையுமான சூசையைத் தலைவராக்கிய அந்நூலின் 3615 பாடல்களிலும் சொல்வளம் பெருகினாலும், காத்திருந்த ஜனத்தின் வேதனை மங்கிப்போகிறது. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894), ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனைப் பின்பற்றித் தனி ஆத்மாவின் பயணத்தை உருக்கமாகப் பாடுவது. இஸ்ரவேலின் ஏக்கம் அதன் மையமன்று.

இவ்விருவருக்கும் நடுவே வாழ்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிடத்தில்தான் (1774–1864) அந்த ஏக்கம் உயிர் பெறுகிறது. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கற்று, சரபோஜி மன்னரோடு இளமையில் பழகிய அவர், 'பெத்லகேம் குறவஞ்சி'க்குத் தேர்ந்த வடிவத்தைப் பாருங்கள்! தலைவன் பவனி வருகிறான்; கண்ட தலைவி காதலால் மெலிகிறாள்; குறத்தி அவள் கை பார்த்து, அவன் வருவான் என்று குறி சொல்லுகிறாள். அத்தலைவனைக் கிறிஸ்துவாகவும் தலைவியைத் திருச்சபையாகவும் அமைத்தமையால், கண்டும் அடையாமலிருக்கும் நிலையே நூலின் பொருளாகிறது. தாவீதின் குமாரனுக்காக விழித்திருந்த எருசலேமும், இரண்டாம் வருகைக்காக விழித்திருக்கும் சபையும் ஒரே மெலிவால் மெலிகின்றன என்பதை எந்தப் பிரசங்கமும் இத்துணைத் தெளிவாக உணர்த்தியதாக நான் அறியேன்.

ஆதலின், இதைச் சிற்றிலக்கிய வரிசையில் ஓர் இசை நாடகமாக மட்டும் எண்ணிக் கடந்துவிடாமல், ஏசாயாவையும் கும்ரான் சுருள்களையும் கற்ற தமிழர் அவற்றின் பக்கத்தில் வைத்து வாசித்து, விரிவான உரையொன்று வகுக்க முன்வரவேண்டும்; 'தேம்பாவணி'யின் சொல்லலங்காரத்தை ஆராய்வதில் செலவான உழைப்பில் ஒரு பகுதியேனும் இதற்கு உரியது.