பெயரற்றவனின் குரல்: ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலும் மேடையும்

அச்சமூட்டும் கதைகளுக்கும் இறையியலுக்கும் யாது தொடர்பு என வினவுவோர் உளர். மேரி ஷெல்லி 1818 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிராங்கன்ஸ்டைன்’ அவ்வினாவிற்குத் தக்க விடையாகும். விக்டர் பிராங்கன்ஸ்டைன் என்னும் இளைஞன் ஓர் உருவைச் சமைத்து உயிரூட்டுகிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அவ்வுயிர் தானே பேசவும் வாசிக்கவும் கற்கிறது. மில்டனின் ‘சுவர்க்க நீக்கம்’ காவியத்தைப் படித்து, தன்னை ஆதாமோடு ஒப்பிட்டு, தன்னை உண்டாக்கியவனிடம் நியாயம் கேட்கிறது. நாவலின் நடுப்பகுதி அதன் வாய்மொழியே.

1823 ஜூலை 28 அன்று ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் இதனை லண்டனில் நாடகமாக அரங்கேற்றினார். ‘துணிகரம்’ என்னும் பொருள்படும் தலைப்பை அதற்குச் சூட்டினார். அந்நாடகத்தில் அவ்வுயிர் ஊமை. நடிகர் பட்டியலில் அதன் பெயருக்குரிய இடத்தில் வெறுங்கோடுகளே இருந்தன. ஆகஸ்டு மாதம் நாடகத்தைக் கண்ட ஆசிரியை அவ்வெற்றிடத்தை மெச்சினார். நடிகர் குக் சைகையாலேயே அவையோரைக் கவர்ந்தார் என்பதையும் நாம் மறுக்கவில்லை. எனினும் குரல் போனதும் குற்றச்சாட்டும் போயிற்று. சிருஷ்டிகரின் இடத்தைப் பற்றத் துணிந்த அகந்தையே பாவம் என்னும் எளிய போதனை மட்டும் எஞ்சிற்று.

நாவல் காட்டும் பெரும்பாவம் வேறு. உண்டாக்கியது பாவமோ அன்றோ, உண்டாக்கியபின் கைவிட்டது பாவம். ஆதியாகமத்தில் தேவன் விழுந்துபோன ஆதாமைத் தேடி வருகிறார். தோல் உடை செய்து உடுத்துகிறார். விக்டரோ பெயரும் இடவில்லை. 2011 இல் லண்டன் தேசிய நாடக அரங்கில் நடந்த நிக் டியரின் நாடகம் அவ்வுயிரின் பிறப்பிலேயே தொடங்கி, அதன் பேச்சைத் திரும்பக் கொடுத்தது. இரு நடிகர்கள் படைத்தவனாகவும் படைக்கப்பட்டவனாகவும் மாறிமாறி நடித்தனர். இதுவே நாவலுக்கு அணுக்கமானது என்பது நம் துணிபு.

நீலகிரித் திருச்சபையார்க்கு இஃது அயலார் கதையன்று. இலங்கை மலைகளில் தேயிலை வளர்த்த தமிழர் பல இலட்சம் பேரை 1948 இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரில் பலர் கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அம்மக்களை அவ்வுருவோடு நாம் ஒப்பிடவில்லை. பயன்கொண்டபின் கைவிடும் செயலையே ஒப்பிடுகிறோம். நாடு என்னும் இடத்தில் வெறுங்கோடு பெற்றவர்கள் அவர்கள்.

ஆகவே இக்கதையை மேடையேற்ற விழையும் நம் வாலிபர் சங்கத்தார்க்கு ஒன்று கூறுவோம். கோர முகப்பூச்சில் பொருளைச் செலவிட வேண்டா. அவனைப் பேச விடுங்கள். அவையோர் அஞ்சி வீடு திரும்புவதினும், தாம் யாரைக் கைவிட்டோம் என எண்ணித் திரும்புவதே நன்று.